மிதிபெட்டியில் மூன்று இரைச்சல்

போன ஆடி மாதம் தேனிப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகளிடம் வந்து பேசச் சொல்லி அழைத்திருந்தார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. தெரிந்ததைச் சொன்னேன். முடிந்ததும் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "வேலையில நீங்க ரொம்பப் பயந்தது எப்பம்மா?" என்று கேட்டாள். "ஷாக் அடிச்சப்ப" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

போடி பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கே என் பதில் பிடிக்கவில்லை. ஷாக் எத்தனையோ முறை அடித்திருக்கிறது. கையை உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறேன். நான் உண்மையில் பயந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஏலமலையில், ஒரு எஸ்டேட் மைதானத்தில். அந்தப் பயம் முக்கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அதைப் போல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். அம்மாவும் அக்காவும் போடியில் ஒரு ஏலக்காய் கோடவுனில் காய் பொறுக்கும் வேலை பார்த்தார்கள். நானும் பத்தாவது முடித்ததும் அங்கேதான் போனேன். பச்சை நிறம் குறைந்த காய், வெடித்த காய், பூச்சி விழுந்த காய் என்று காலை முதல் மாலை வரை குனிந்து பிரிக்க வேண்டும். இரண்டு வருடம் பிரித்தேன். அப்போது கடைத்தெருவில் ரேடியோ, ஆம்ப்ளிபயர் ரிப்பேர் செய்யும் சுந்தரம் முதலாளி, காயில் என்கிற கம்பிச்சுருளைச் சுற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தார். தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை அறுந்துவிடாமல் ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். ஆண்பிள்ளைகள் நான்கு பேர் வந்து கம்பியை அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். காய் பொறுக்குகிற பெண்களுக்கு விரல் பதமாக இருக்கும் என்று யாரோ சொல்ல, அவர் கோடவுன் வாசலில் வந்து கேட்டார். நான் போனேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது.

முதல் மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுற்றினேன், எண்ணினேன், மறுபடி சுற்றினேன். பிறகு ஈயம் பற்ற வைக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு கட்டத்தில் வால்வு ரேடியோ செட்டை என் மேஜைக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

சுந்தரம் முதலாளி சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவர், தான் மட்டும் கிசுகிசு என்றுதான் பேசுவார். ஆண்களை 'அப்பு' என்பார், எங்களை 'ஆத்தா' என்பார். அவரிடம் ஒரு பழக்கம். ரிப்பேர் முடிந்த செட்டில் நாம் பாட்டைப் போட்டுக் காட்டினால் அவர் கேட்க மாட்டார். "பாட்ட நிறுத்து" என்பார். உள்ளே வருகிற வயரைக் கழற்றச் சொல்வார். வால்யூமை முழுக்கத் திருப்பி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஸ்பீக்கர் வாயைத் திறக்கக் கூடாது. "யாரும் பேசாதப்ப அது பேசுனா, அது இன்னும் சரியாகலைன்னு அர்த்தம்" என்பார். சின்ன முணுமுணுப்பு இருந்தாலும் செட் மறுபடி மேஜைக்கு வந்துவிடும். திட்ட மாட்டார். அந்த அமைதிக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை செய்தோம்.

சன்னாசியண்ணன் எங்கள் கடைக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். போடியிலிருந்து போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர். அதோடு ஊரில் இருந்த ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பார். ஒரு மழைநாளில் கொண்டை ஊசி வளைவில் ஜீப் சரிந்துவிட்டது. ஏலக்காய் மூட்டைதான் லோடு, ஆட்கள் இல்லை என்பது ஒரு புண்ணியம். ஆனால் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகச் சேர்ந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்து மலை ஏற்ற முடியாது. முன்னிருக்கையில் வைத்திருந்த கிட்டாரும் அடிபட்டு, கம்பியின் அசைவைப் பிடிக்கிற அதன் பிக்கப்புக்குள் இருந்த காயில் அறுந்துபோயிருந்தது. அந்தக் காயிலைச் சுற்றித்தரச் சொல்லித்தான் வந்தார்.

சுற்றிக் கொடுத்தேன். கிட்டார் உயிர் பெற்றது. அவர் வாசித்துப் பார்த்துவிட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காயில் சரியாத்தான் இருக்கு தங்கச்சி. கைதான் சரியில்ல" என்றார்.

கம்பியை ஓங்கி மீட்ட அந்த மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. தொடுகிற அளவுக்குத்தான் வந்தது. தபேலாவும் ஆர்மோனியமும் சேர்ந்தால் கிட்டார் காணாமல் போய்விடும். ஆம்ப்ளிபயரில் கூட்டி வைத்தால் ஹாரன் ஸ்பீக்கர் ஊளையிடும். குழுவை நடத்திய டிரில் மாஸ்டர், "இன்னும் ரெண்டு புரோகிராம் பாக்குறேன். கேக்கலைன்னா வேற ஆளு பாத்துக்கிறேன், கோவிச்சுக்காத சன்னாசி" என்று சொல்லிவிட்டாராம். ஜீப் போய்விட்டது. கிட்டாரும் போனால் அந்த மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது.

"கேரளாக் குழு ஒண்ணு கம்பம் மெட்டுப் பக்கம் வந்துச்சு தங்கச்சி. கிட்டாருகாரன் காலடியில ஒரு பெட்டிய மிதிக்கிறான். மெதுவாத்தான் தொடுறான். ஆனா சத்தம் கிழிஞ்சு, நீளமா நிக்குது. அப்படியே இழுத்துக்கிட்டுப் போகுது. அது இருந்தா என் கைக்குப் போதும்."

அந்தக் குழுவின் மெக்கானிக்கிடம் கெஞ்சி, சர்க்யூட்டை ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் வரைந்து வாங்கி வந்திருந்தார். முதலாளி அதைக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "ரெண்டு டிரான்சிஸ்டர் சோலிதான். செஞ்சு குடு ஆத்தா" என்று என்னிடம் நீட்டினார். கம்பியின் மெல்லிய அசைவை இரண்டு டிரான்சிஸ்டர்களும் அளவுக்கு மீறிப் பெருக்கி, அலையின் தலையையும் காலையும் வெட்டிவிடும். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கித் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரும். அதுதான் அந்தக் கிழிசல் சத்தம். சன்னாசியண்ணன் கைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

மிதிக்கிற சுவிட்சுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது அவரே ஒன்றைக் கொண்டுவந்தார். ஜீப்பில் டிரைவரின் இடது காலடியில் ஹெட்லைட்டை ஏற்றி இறக்க ஒரு டிப்பர் சுவிட்ச் இருக்கும். சரிந்த ஜீப்பிலிருந்து அதைக் கழற்றி வைத்திருந்தார். "எத்தன வருசம் மிதிச்சிருக்கேன், இதுக்கு என் காலு தெரியும்" என்றார். நாங்கள் அதற்கு 'மிதிபெட்டி' என்று பெயர் வைத்தோம்.

பழைய பாக்கெட் ரேடியோவிலிருந்து எடுத்த இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை வைத்து, ஒரு மரப்பெட்டிக்குள் செய்து கொடுத்தேன். காலையில் கடையில் அருமையாகப் பாடியது. நண்பகலில் தொண்டை கட்டினதுபோல் ஆகிவிட்டது. கம்பியைத் தொட்டால் 'பொத்' என்று விழுந்தது. வயரையெல்லாம் சோதித்தேன், பேட்டரியை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. சன்னாசியண்ணன் அதைப் போடிமெட்டில் இருந்த தன் மச்சான் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு நாள் முழுக்க வாசித்துவிட்டு வந்தார். "அங்கன ஒரு கொறையும் இல்ல" என்றார். கீழே வந்ததும் மதியம் மறுபடி தொண்டை கட்டியது.

முதலாளி கேட்டார், "மலையில பாடுது, கீழ பாடலையா?"

"ஆமா."

"காலையில பாடுது, மத்தியானம் பாடலையா?"

"ஆமா முதலாளி."

"அப்ப அதுக்கு என்ன செய்யுது?"

நான் ஒரு துணியைக் குடத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, டிரான்சிஸ்டர்களின் மேல் போர்த்தினேன். எங்கள் கடைக்குத் தகரக் கூரை, சித்திரை மாதம். சன்னாசியண்ணனை மீட்டச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் தொண்டை திறந்தது. அவர் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கும் காய்ச்சலா?" என்றார்.

ஜெர்மானியம் சூடு தாங்காது. சிலிக்கான் தாங்கும். முதலாளி மதுரைக்குப் போனபோது பத்து சிலிக்கான் டிரான்சிஸ்டர் வாங்கி வந்தார். மாற்றினேன். வெயில் தொந்தரவு போனது. ஆனால் சிலிக்கானுக்குப் பெருக்கும் வலு அதிகம். கிட்டாரைப் பெருக்குவதோடு ஊரில் இருக்கிற அத்தனை குப்பையையும் சேர்த்துப் பெருக்கியது.

"ஒரே இரைச்சலா இருக்கு முதலாளி" என்றேன்.

"இரைச்சல்னு ஒண்ணு கிடையாது ஆத்தா. எது எதுன்னு பிரிச்சுச் சொல்லு. பிரிக்கத்தான் உனக்கு வருமே."

காதை வைத்துக் கேட்டேன். மூன்று இருந்தன. 'உர்' என்று அடியில் ஓடுகிற ஒன்று. 'ஸ்ஸ்' என்று மேலே தெளிக்கிற ஒன்று. மூன்றாவது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு மனிதக் குரல். மலையாளத்தில் யாரோ மிளகுக் கொடிக்கு எப்போது உரம் வைக்க வேண்டும் என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். சன்னாசியண்ணன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார். மலைக்கு அந்தப்பக்கத்து ரேடியோ, எங்கள் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

முதலாளி ஒரு துண்டு வயரை எடுத்து, பெட்டிக்குள் நுழைகிற வாயை எர்த்தோடு சேர்த்துவிட்டார். 'உர்' அடங்கியது, மிளகுக்காரரும் அடங்கினார். 'ஸ்ஸ்' மட்டும் அப்படியே இருந்தது. "ரெண்டு வெளியேருந்து வருது, ஒண்ணு உள்ள பிறக்குது. தனித்தனியாப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

உறுமலை முதலில் எடுத்தேன். மரப்பெட்டி கரண்டுச் சத்தத்துக்குத் திறந்த வீடு மாதிரி. வீட்டு வயரிங்குக்குச் சுவரில் பதிக்கிற இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்து, எல்லாவற்றையும் அதற்குள் மாற்றினேன். உள்ளே வரும் வயருக்கு மேல்வலை பின்னிய ஷீல்டு வயர் போட்டேன். எர்த் வயர்களை அங்கங்கே பற்ற வைக்காமல் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்த்தேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க இடையில் போட்டிருந்த, கரண்டிலிருந்து வோல்ட் எடுக்கிற எலிமினேட்டரை விட்டுவிட்டு மறுபடி பேட்டரி வைத்தேன். அப்படியும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது கிட்டாரின் காயில் பிடிக்கிற சத்தம். டியூப்லைட்டுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் அதுவும் பாதியானது. "மேடையில டியூப்லைட்டுப் பக்கம் மூஞ்சியக் காட்டாதீக அண்ணே" என்றேன்.

மிளகுக்காரருக்கு, உள்ளே நுழைகிற இடத்தில் எர்த்துக்கு ஒரு சின்னக் கண்டன்சர் போதுமானதாக இருந்தது. ரேடியோ அலை அந்த வழியாக இறங்கிப் போய்விட்டது. இரண்டு மூன்று அளவு போட்டுப் பார்த்து, கிட்டாரின் கூர்மை குறையாத அளவாகத் தேர்ந்தெடுத்தேன்.

உள்ளே பிறந்த 'ஸ்ஸ்' தான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. முதல் டிரான்சிஸ்டருக்கு முன்னால் இருந்த பழைய ரெசிஸ்டர்களை மாற்றினேன். டிரான்சிஸ்டரின் இரண்டு கால்களுக்கு நடுவே இன்னொரு பொடிக் கண்டன்சர் வைத்து உச்சத்தைக் கொஞ்சம் மழுக்கினேன். பிறகு பற்ற வைக்காமல் சொருகி எடுக்கிற மாதிரி ஒரு சாக்கெட் போட்டு, பத்து டிரான்சிஸ்டர்களையும் ஒவ்வொன்றாகச் சொருகினேன். முதலாளி கண்ணை மூடி நின்றார். "வேண்டாம்." அடுத்தது. "வேண்டாம்." ஏழாவதுக்குக் கொஞ்சம் கூடுதலாக நின்றார். "இது" என்றார். ஒரே கம்பெனி, ஒரே எண், ஆனால் அந்த ஏழாவது மற்றவற்றை விட அமைதியான பிறவி.

இத்தனையும் செய்தபிறகு இன்னொரு குறை மிச்சம் இருந்தது. மிதித்தால் சத்தம் குறைந்தது. கிழிசல் வருகிறது, நீளம் வருகிறது, உயரம் வரவில்லை. பாட்டு நடுவே பெட்டியை மிதித்தால் கிட்டார் பின்வாங்கியதுபோல் இருந்தது. முதலாளி சர்க்யூட்டில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டாவது டிரான்சிஸ்டருக்கு மேலே இரண்டு ரெசிஸ்டர் வரிசையாக இருந்தன. வெளியே போகிற சத்தத்தை அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து எடுத்தோம். மேலே இருந்தது நானூற்று எழுபது ஓம். நமக்குக் கிடைக்கிற பங்கு அதன் அளவுதான். அதை எடுத்துவிட்டு ஒரு கிலோ ஓம் போட்டேன். பங்கு இரண்டு மடங்காயிற்று. இப்போது மிதித்தால் கிட்டார் ஒரு அடி முன்னால் வந்து நின்றது.

"போதும்" என்றார் முதலாளி.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சன்னாசியண்ணன் ஒத்திகைக்குப் போய்விட்டு வந்து, "மாஸ்டரு இன்னும் கொஞ்சம் கேட்டா நல்லாருக்கும்ங்கிறாரு தங்கச்சி" என்றார். அடுத்த ஞாயிறு எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவில் புரோகிராம். மாஸ்டர் சொன்ன இரண்டில் அது இரண்டாவது. முதலாளி ஒரு கல்யாண வேலையாக வெளியூர் போயிருந்தார். எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் வந்திருந்தது. இரண்டு டிரான்சிஸ்டருக்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்றை நானே யோசித்துச் சேர்த்தேன். இரைச்சல் கூடவில்லை. ஆனால் சத்தம் கடைவாசலில் போனவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சன்னாசியண்ணன் வாயெல்லாம் பல்லாகப் போனார். முதலாளி திரும்பி வந்ததும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம் என்பாரோ என்று நாளைத் தள்ளினேன்.

ஞாயிறு காலை ஆம்ப்ளிபயர், இரண்டு ஹாரன், வயர்க்கட்டு எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு முதலாளியும் நானும் மலை ஏறினோம். எஸ்டேட் மைதானத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். மூங்கில் நட்டு ஹாரன்களைக் கட்டினோம். வாசல் பாதைக்கு மேலாக மரக்கிளை வழியே வயரை இழுத்துக் கட்டினோம். பிற்பகல் மூன்று மணிக்குக் கச்சேரி. காய் எடுக்கிற பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் பாட்டு சாதாரணமாகப் போனது. இரண்டாவதில் சன்னாசியண்ணன் பெட்டியை மிதித்தார். கூட்டம் 'ஓ' என்றது. மாஸ்டர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு நீண்ட இழுப்பு. அது மேலே ஏறி ஏறிப் போய்க்கொண்டிருக்கும்போது, இரண்டு ஹாரனும் ஒரே நொடியில் செத்துவிட்டன.

பாடகர் வாய் அசைகிறது, சத்தமில்லை. தபேலா மட்டும் தட்தட் என்று கேட்டது. பிறகு அதுவும் நின்றது. சனம் விசில் அடிக்க ஆரம்பித்தது.

ஹாரனுக்குப் பின்னால் ஒரு யூனிட் இருக்கும். அதற்குள் மெல்லிய காயில், மெல்லிய தகடு. தலையும் காலும் வெட்டப்பட்ட சத்தத்தை அளவுக்கு மேல் தொடர்ந்து கொடுத்தால் காயில் கருகிவிடும். காயில் சுற்றிப் பிழைக்கிற எனக்கு இது தெரியாதா? இரண்டும் ஒன்றாகப் போயிருக்கின்றன. மூன்றாவது டிரான்சிஸ்டர்தான். முதலாளி சொன்ன 'போதும்' காதுக்குள் கேட்டது. நாளைக்கே என்னைக் கோடவுனுக்குத் திருப்பி அனுப்பினாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது. அதைவிடக் கொடுமை, கொட்டகைக்குப் பின்னால் சன்னாசியண்ணன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் அவர் தலைக்கு மேல் நின்று, "பெட்டி வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?" என்று கத்தினார். மாஸ்டர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. கூட்டம் விசிலடிக்கும்போது மனிதர்கள் அப்படித்தான்.

முதலாளி செய்த முதல் காரியம் ஆம்ப்ளிபயரை அணைத்தது. பிறகு மூங்கிலைச் சாய்த்து ஒரு ஹாரனை இறக்கச் சொன்னார். அவர் நடையில் எந்த அவசரமும் இல்லை.

"முதலாளி, நான்தான் முதலாளி" என்றேன். "பெட்டியில இன்னொரு டிரான்சிஸ்டர் போட்டேன். உங்ககிட்டச் சொல்லல. யூனிட்டு ரெண்டும் எரிஞ்சு போச்சு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எரிஞ்சதப் பாத்தியா?"

"இல்ல."

"அப்ப எப்படிச் சொல்ற? டார்ச்சுக் கட்டை ஒண்ணு கொண்டா."

டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரியை உருவிக் கொடுத்தேன். யூனிட்டில் இருந்த வயரைக் கழற்றச் சொன்னார். பேட்டரியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நீயே வை." காயில் உயிரோடு இருந்தால், பேட்டரி பட்டதும் ஹாரன் 'டக்' என்று சொல்லும். கருகியிருந்தால் சொல்லாது. முதல் முறை சரியாகப் படவே இல்லை. இரண்டாம் முறை பட்டது.

டக்.

நான் இன்னொரு தரம் வைத்தேன். டக். மறுபடி வைத்தேன். டக், டக். "போதும், அடுத்தத இறக்கு" என்றார். அடுத்த ஹாரனும் 'டக்' என்றது. நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உக்காராத. யூனிட்டு ரெண்டும் நல்லாருக்கு, ஆம்ப்ளிபயருல வெளக்கு எரிஞ்சுச்சு. நடுவுல என்ன இருக்கு?"

"வயரு."

மீட்டரை வைத்தார். இரண்டு வயரும் தனித்தனியாக இருக்க வேண்டிய நேரத்தில் முள் ஓடிப்போய் மறுகோடியில் நின்றது. எங்கேயோ இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். வாசல் பாதையில் மரக்கிளையில் போட்ட கட்டு அவிழ்ந்து, வயர் தரைக்கு வந்திருந்தது. பக்கத்து எஸ்டேட்டிலிருந்து கச்சேரிக்கு ஆள் ஏற்றி வந்த ஜீப், அதைக் கல்லோடு சேர்த்து நசுக்கிவிட்டுப் போயிருந்தது. டயர்த் தடம் சேற்றில் அப்படியே இருந்தது. நசுங்கிய இடத்தில் இரண்டு செம்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

அந்தத் துண்டை வெட்டி எறிந்து, சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினேன். என் கை மறுபடி என் கையாகிவிட்டது. எல்லாம் ஐந்து நிமிட வேலை.

கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். "அண்ணே, பெட்டியில ஒண்ணுமில்ல. ஒங்க கையிலயும் ஒண்ணுமில்ல. ஜீப்பு வயர மிதிச்சிருச்சு."

சன்னாசியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "ஜீப்பா?"

"ஆமாண்ணே, ஜீப்புதான்."

"அடப்பாவி! இந்த ஜீப்பு என்னைய விடவே விடாதா?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்துவிட்டார். பிறகு அவர் தோளில் கைவைத்து, "எந்திரி மாப்ளே, சனம் காத்துக்கெடக்கு" என்றார்.

ஹாரனை ஏற்றிக் கட்டுவதற்கு முன் முதலாளி யூனிட்டைக் காட்டி, "அதோட முதுகத் தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன்.

"சூடு இருக்கா?"

"இருக்கு முதலாளி."

"மூணாவது பாட்டுக்கு இம்புட்டுச் சூடு வரக் கூடாது. பத்தாவது பாட்டுக்கு நீ பயந்தது நடந்துருக்கும்."

என் பயம் முழுப்பொய் இல்லை. மிதிபெட்டியில் இருந்த வால்யூம் குமிழைப் பாதிக்குக் குறைத்து வைத்தேன். அவர் அதன் மேல் கறுப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டினார், யாரும் திருப்ப முடியாதபடி.

கச்சேரி விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. சன்னாசியண்ணன் கம்பியைத் தொட்டார். தொட்டார் என்றுதான் சொல்ல முடியும், மீட்டினார் என்று சொல்ல முடியாது. அந்தச் சத்தம் ஏலத்தோட்டத்துக்கு மேலே எழும்பி, எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பியது. குமிழைக் குறைத்தது யாருக்கும் தெரியவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே முதலாளி மூங்கிலுக்குக் கீழே போய்க் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்தேன். ஹாரன் வாய் திறக்கவில்லை. மாஸ்டர் அதற்குப் பிறகு வேறு ஆள் பார்க்கவில்லை. சன்னாசியண்ணன் அந்தக் குழு கலைகிற வரை அதில் இருந்தார்.

இறங்கி வரும்போது முதலாளி ஒன்றும் பேசவில்லை. அது எனக்குத் திட்டுவதை விட மோசமாக இருந்தது. வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலையும் அப்படியே கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

கடையில் நுழைந்ததும், "அந்த மூணாவதுக்கு எப்படி வோல்ட் கொடுத்த?" என்று கேட்டார். நோட்டையும் பென்சிலையும் முன்னால் வைத்திருந்தார். சன்னாசியண்ணன் காலையிலேயே பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முதலாளி அதன் மூடியைத் திறந்து வைத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த ரெசிஸ்டர் எதுக்கு?" என்றார். சொன்னேன். பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "எனக்கு இது தோணியிருக்காது" என்றார். பிறகு, அதே கிசுகிசுக் குரலில்:

"ஆனா, இனிமே சொல்லிட்டுச் செய் ஆத்தா."

"சரி முதலாளி."

"சொல்லிட்டா, பயத்த ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்ல. நேத்து நீ ஒத்தையில செமந்துக்கிட்டு நின்ன. பாக்க எனக்குச் சங்கடமா இருந்துச்சு."

நோட்டை மூடிவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டார். அன்று மதியம் என் தூக்குவாளியில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, அது போதாமல் எதிர்க்கடையில் போய் நாலு இட்லி வாங்கிச் சாப்பிட்டேன். சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். கடைக்கார அக்கா, "என்னடி இன்னைக்கு இம்புட்டுப் பசி?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.